அரை நாளுக்குள் முடிகிற வேலை

போன வாரம் என் நாத்தனார் போனில் பேசினார். சரவணம்பட்டிப் பக்கம் அபார்ட்மெண்டில் இருக்கிறார். குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று ஆள் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் வாஷரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் குழாயையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, மாற்றி, பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். "உனக்கென்ன, உங்க தெருவுல எல்லாரும் சும்மா செஞ்சு குடுத்துருவாங்க" என்றார்.

சும்மா யாரும் செய்வதில்லை. செய்யவும் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். போனில் அதை முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதியில் சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, பட்டறைகளைத் தாண்டி வந்தால் எங்கள் தெரு. முட்டுச் சந்து. எல்லாம் இரண்டு சென்ட், இரண்டரை சென்ட் வீடுகள். மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன ஊர் இது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதனால் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், லேத் ஓட்டுகிறவர், ஃபவுண்டரிக்கு மோல்டிங் வேலைக்குப் போகிறவர் என்று அடுத்தடுத்த வீடுகளில் இருப்பது இந்தப் பக்கத்தில் சாதாரணம். எங்கள் தெருவில் இவர்களோடு ஒரு கொத்தனாரும் உண்டு. எல்லாருக்கும் அவர் மேஸ்திரி அண்ணா. கடைசி வீட்டில் ஒரு ஆசாரி. எதிர் வீட்டில் வெல்டிங் பட்டறைக்குப் போகும் தம்பி. நான் வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பாதி ரிப்பேர் தண்ணீரால்தான் வருகிறது. குடிக்க, சமைக்க மாநகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணி. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி, உப்பு. குழாய் வாயில் இருக்கும் சின்ன வலையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அந்த வலையைக் கழற்றி வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் படிவு கரைந்துவிடும். வாஷர் தேய்ந்திருந்தால் சில ரூபாயில் வேறு வாஷர் போடலாம். இதற்கெல்லாம் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. லேத் தம்பியின் அம்மா எங்கள் எல்லாருக்கும் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர் வரும் வழியை அடைக்கும் கேட் வால்வை மூடிவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குப் பாடம் போலச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்.

ஆனால் போர் மோட்டார் அப்படி இல்லை. நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய போரில் தண்ணீர் எடுக்கிறோம், 300 அடி. ஒரு கோடையில் அது நின்றுபோனது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வைண்டிங் அண்ணா வந்தார். அவர் வந்தவுடன் எதையும் கழற்ற மாட்டார், முதலில் கேள்விதான். "ஸ்விட்ச் போட்டவுடனே ட்ரிப் ஆகுதுங்களா, கொஞ்ச நேரம் ஓடி ஆகுதுங்களா? முள்ளு எவ்வளவு காட்டுது?" ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்பியர் காட்டும் முள்ளைத்தான் சொல்கிறார். அன்றைக்குத்தான் நான் அதைக் கற்றுக்கொண்டேன். முள் அசையவே இல்லை என்றால் எங்கேயோ கரண்ட் போகும் வழி அறுந்திருக்கிறது. வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டி, தண்ணீரும் வரவில்லை என்றால் மோட்டார் வெறுமனே சுற்றுகிறது, அடியில் தண்ணீர் இறங்கிவிட்டது. எகிறிப் போய் உடனே ட்ரிப் ஆனால் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் செத்திருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம், காயில் போயிருக்கலாம்.

எங்களுடையது எகிறியது. கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்தார், மறுபடியும் எகிறியது. காயிலில் கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "காயில் பாடியில அடிக்குது. மேல எடுத்துத்தான் ஆகோணும்" என்றார். காயிலின் கரண்ட் மோட்டாரின் இரும்பு உடம்புக்குக் கசிகிறது என்று அர்த்தம்.

300 அடி என்றால் 20 அடி நீளத்தில் 15 ஜி.ஐ. இரும்புப் பைப். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைப்பைத் தூக்க முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்கு வந்தன. பைப்பைத் தூக்குவது பலம் இருந்தால் முடிகிற வேலை இல்லை. ஒரு பைப் வெளியே வந்ததும் அடுத்த பைப்பின் கழுத்தில் கிளாம்பைப் போட்டு இறுக்க வேண்டும். இறுகிவிட்டது என்று பொறுப்பாக ஒருவர் சொன்ன பிறகுதான் மேல் பைப்பை ரெஞ்சு போட்டுக் கழற்ற வேண்டும். அந்த வரிசை ஒரு தடவை மாறினால் போதும், மோட்டார் உள்ளே விழுந்துவிடும். அப்புறம் போரே போச்சு. அதனால் "இறுகிடுச்சு" என்று சொல்லும் வேலையை வைண்டிங் அண்ணா யாரிடமும் கொடுக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். வெல்டிங் தம்பியும் மோல்டிங் அண்ணாவும் ரெஞ்சு பிடித்தார்கள். பைப்போடு கேபிளைச் சேர்த்துக் கட்டியிருந்த கட்டுகளை அறுப்பதும், கேபிளில் சிராய்ப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சுருட்டுவதும் பெண்கள் வேலை. இரண்டு பைப்பில் துரு தின்ற ஓட்டை இருந்ததைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு அக்கா. அதைப் பார்க்காமல் திரும்ப இறக்கியிருந்தால் பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டிக்கொண்டு இருந்திருக்கும்.

மோட்டார் வெளியே வந்ததும் வைண்டிங் அண்ணா அதைத் தன் கடைக்கு எடுத்துப் போனார். எங்களுடையது உள்ளே தண்ணீர் நிரப்பி ஓடும் ரகம். அதற்கு எனாமல் கம்பி ஆகாது, மேலே பாலி உறை போட்ட கம்பியில்தான் காயில் கட்ட வேண்டும். கட்டினார், கடை விலைக்கு பில் போட்டார், நாலு வீடும் பிரித்துக் கொடுத்தோம். ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காயில் கட்டுவது அவர் குடும்பம் சாப்பிடும் தொழில். வந்து பார்த்துச் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு நின்று தூக்கியதும்தான் அவர் செய்த உதவி.

உதவிக்கும் கூலி வேலைக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கோடு எங்கள் தெருவில் முதலிலிருந்தே இருந்ததில்லை. அது வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை ஒன்றைக் கட்டினார்கள். மேஸ்திரி அண்ணாவிடம் 'கொஞ்சம் வந்து பாருங்க' என்றார்கள். அவருக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. காலையில் ஒரு நாள் போனார், அடுத்த நாளும் போனார், அந்த வாரம் பூராவும் போனார். கடைசியில் அவர் கைக்கு வந்தது ஒரு பை காய்கறியும் நிறைய நன்றியும். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூலி கொடுத்தால் அவமதித்தது போல ஆகிவிடுமோ என்று உண்மையாகவே தயங்கினார்கள். அவர் வீட்டுக்கார அக்கா என் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். குரலே உயரவில்லை. "அம்மிணி, இவரு ஒரு நாள் போனா 1,000 ரூபாய்க்கு மேல கூலி. இந்த வாரம் எங்க வீட்டுக்கு ஒத்த ரூபா வரல. கேக்கறவங்களுக்கு அது தெரியோணுமல்ல?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்களாகச் சேர்ந்து பேசினோம். வேலை அரை நாளுக்குள் முடிந்தால் அது உதவி, கூலி கிடையாது. அதைத் தாண்டினால் வெளியே என்ன கூலியோ அதுவே இங்கேயும், முதல் நாள் காலையிலேயே பேசிவிட வேண்டும். உதவிக்கு வேலை நாளில் யாரையும் கூப்பிடக் கூடாது, தண்ணீர் கொட்டுகிறது, கரண்ட் அடிக்கிறது என்பது போன்ற அவசரத்தைத் தவிர. சாமான் முழுக்க வீட்டுக்காரர் செலவு, மீந்த சிமெண்டும் பைப்புத் துண்டும் செய்தவருக்குச் சொந்தம். நேரம் எதுவானாலும் டீ, வேலை மதியத்தைத் தொட்டால் சாப்பாடு. எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அந்த அறை கட்டிய வீட்டுக்காரர்கள் தாங்களாகவே மேஸ்திரி அண்ணா வீட்டுக்குப் போய்க் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இன்றைக்கு அந்த இரண்டு வீடும்தான் தெருவிலேயே ரொம்ப நெருக்கம்.

இந்தக் கட்டுப்பாடு வந்த பிறகு உதவி குறையும் என்று சிலர் நினைத்தார்கள். கூடியது. கேட்கிறவருக்கு எதைக் கேட்கலாம் என்று தெரிகிறது, செய்கிறவருக்குப் பயம் இல்லை. அண்டை வீட்டார் உதவி என்று நெகிழ்ந்து பேசுகிறவர்கள் தினக்கூலிக்காரரின் ஒரு நாள் என்ன விலை என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

மேஸ்திரி அண்ணா எங்கள் வீட்டு மொட்டை மாடி ஒழுகலைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். ஹாலில் ஃபேன் கொக்கி பக்கத்தில் சொட்டியது. நாங்கள் அதற்கு நேர் மேலே சிமெண்ட் பூச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். "சொட்டற எடத்துல ஓட்டை இருக்காதுங்க. தண்ணி தளத்துக்குள்ளயே ஓடி, வழி கெடைக்கற பக்கம் எறங்கும்" என்றார். மாடியில் களிமண்ணால் சின்னச் சின்ன வரப்புக் கட்டி, ஒரு பாத்தியில் மட்டும் தண்ணீர் நிறுத்தி, கீழே ஈரம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். அதில் வரவில்லை என்றால் அடுத்த பாத்தி. கடைசியில் ஓட்டை இருந்தது வடக்குக் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில், ஃபேனிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி. அங்கே தட்டோடுகளின் இடுக்குச் சாந்து மண்ணாக உதிர்ந்து கிடந்தது. இடுக்குகளைக் கொத்திச் சுத்தம் செய்து, நீர் கசியாமல் இருக்கச் சேர்க்கும் திரவம் கலந்த சாந்தை அடைத்து, மூலை நெடுகிலும் கலவையைச் சரிவாக உருட்டிவிட்டார். ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் தண்ணீர் விடச் சொன்னார். ஐப்பசி மழைக்கு முன்னால் செய்தது, அதற்குப் பிறகு ஹாலில் ஒரு சொட்டு இல்லை.

சன்ஷேடு கான்கிரீட் பெயர்ந்து விழுந்த வீட்டிலும் அவர்தான் பார்த்தார். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. பொதுவாக வருகிறவர்கள் மேலே ஒரு பூச்சுப் பூசி மறைத்துவிட்டுப் போவார்கள். இவர் தட்டித் தட்டிப் பார்த்து, பொள்ளென்று சத்தம் வருகிற இடத்தையெல்லாம் உடைத்து எடுத்து, கம்பியை பிரஷ் போட்டுத் தேய்த்து, துருத் தடுப்பு அடித்து, பிறகுதான் கலவை வைத்தார். கலவைக்கு போர் தண்ணியைத் தொடவே விடவில்லை. உப்புத் தண்ணியில் கலந்தால் உள்ளே கம்பி மறுபடி துருப்பிடிக்கும், பூசியதை அதுவே தள்ளிவிடும் என்றார். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணியில் மூன்று குடம் அவருக்குப் போனது. அந்த வீட்டுக்கு அன்று சாயங்காலம் நாங்கள் ஆளுக்கொரு குடம் கொடுத்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் வேலை ஏன் நன்றாக இருக்கிறது என்றால், தினமும் காலையில் அந்தச் சன்ஷேடுக்குக் கீழேதான் அவரும் நடந்து போகிறார்.

கரண்ட் வேலைக்கு இப்போது எங்களிடம் ஒரு பெண் இருக்கிறாள். மோல்டிங் அண்ணாவின் மகள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் டிரேடு படித்தாள், இப்போது ஒரு பேனல் போர்டு கம்பெனியில் வேலை. அவள் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தபோது ரிப்பேருக்கு வைத்திருந்த ஃபேனைப் பார்க்கவில்லை. "அத்தை, ஈ.எல்.சி.பி. எங்க இருக்கு?" என்று கேட்டாள். கரண்ட் கசிந்தால் தானாக மெயினை அணைக்கும் சாதனம் அது, எங்களிடம் இல்லை. "அதை வாங்குங்க, அப்புறம் ஃபேன் பார்க்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மெயினைத் தூக்கிவிடுகிற ரகம் வாங்க வேண்டும், மாதம் ஒரு தடவை அதில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும் என்றாள். இப்போது தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றியதற்குக் காரணம் பழைய கெப்பாசிட்டர். பத்து நிமிட வேலை.

வேலை செய்யும்போது மெயினை ஆஃப் செய்தால் மட்டும் போதாது அவளுக்கு. ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் பையிலேயே போட்டுக்கொள்வாள். யாராவது தெரியாமல் வந்து போட்டுவிடக் கூடாது. மீட்டருக்கு அந்தப் பக்கம், கம்பம் வரைக்கும், விரல் வைக்க மாட்டாள். வைக்கவும் விட மாட்டாள். ஒரு மழை நாளில் சில வீட்டில் பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரியும் சில வீட்டில் மங்கலாகவும் எரிந்தது. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, விட்டிருக்கிறது என்று உடனே கண்டுபிடித்தாள். வீடு வீடாக ஓடி மெயினை அணைக்கச் சொன்னாள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-இல் போன் போட்டாள். கம்பத்தில் ஏணி சாத்தி ஏறத் தொடங்கிய ஒருவரைப் பார்த்து, "மாமா, எறங்குங்க" என்றாள். அவளைவிட முப்பது வயது பெரியவர் அவர், இறங்கிவிட்டார்.

இன்னொன்றையும் நாங்கள் உதவி என்று யாரிடமும் கேட்பதில்லை. செப்டிக் டேங்கில் யாரும் இறங்கக் கூடாது, இறக்கவும் கூடாது. 2013-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த விஷவாயு ஒரு மூச்சில் ஆளைக் கொன்றுவிடும். கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரிதான் வர வேண்டும். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குக்கூட மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றோட விட்டு, மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் ஆள் இறங்கலாம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

தையல்காரியிடம் வீட்டு ரிப்பேருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. மழைக்குத் தார்ப்பாயில் கிழிசல் வந்தால் 18-ம் நம்பர் ஊசி போட்டு, இரட்டை மடிப்பாகத் தைத்துக் கொடுப்பேன். வெல்டிங் தம்பிக்குக் கையுறை கிழிந்தால் என்னிடம்தான் வரும். ஆசாரி மழைக்காலத்தில் எங்கள் வாசல் கதவு இறுகியபோது அதை உடனே இழைக்க மாட்டேன் என்றார். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது, இப்போது இழைத்தால் வெயில் காலத்தில் சந்து விழும் என்று தை மாதம் வரை காத்திருக்க வைத்தார். அவர் சொன்னது போலவே தையில் பாதி தானாகச் சரியாகிவிட்டது, மீதியை ஒரு மணி நேரத்தில் இழைத்துவிட்டார். அவர் பேத்திகளின் பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு விளிம்பு இறக்கி விடுவது வருடா வருடம் என் வேலை. என் மிஷினின் பெரிய சக்கரம் ஆடியபோது லேத் தம்பி பித்தளையில் புஷ் கடைந்து போட்டுக் கொடுத்தான். கருவி பிடிக்காதவர்களும் ஒதுங்கி இல்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் மாநகராட்சிக்கு மனு எழுதுவார். ஆட்டோ ஓட்டுகிற அண்ணா ஹார்டுவேர்ஸ் கடையிலிருந்து சாமானை ஏற்றி வருவார். யாரும் கணக்கு நோட்டுப் போடவில்லை, ஆனால் ஒருவரே வாங்கிக்கொண்டும் ஒருவரே கொடுத்துக்கொண்டும் இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது பேச்சை எடுத்துவிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டு வேலை. மூன்றாவது வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார், குளியலறையில் ஒரு தடவை வழுக்கிவிட்டது. பிடித்து எழுந்திருக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பில் கைப்பிடி வைக்கப் போகிறோம். பாட்டிக்கு இடது கையில்தான் பலம், அதனால் இடது பக்கச் சுவரில் வர வேண்டும். மேஸ்திரி அண்ணா அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு யோசித்தார். நாலரை அங்குலச் சுவர், அதில் ஓட்டை போட்டு போல்ட் இறுக்கினால் முழு எடையைத் தொங்கவிடும்போது பெயர்ந்து வந்துவிடும். சுவரைத் துளைத்து போல்ட்டை அந்தப் பக்கம் வரை விட்டு, அங்கே ஒரு இரும்புத் தகடு வைத்து நட்டுப் போட்டு இறுக்கலாம் என்று முடிவானது. லேத் தம்பி தகட்டில் துளை போட்டுவிட்டான். கைப்பிடியை வெல்டிங் தம்பி வளைத்து வைத்திருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டியின் சமையலறை, தகடு அங்கே வெளியே தெரியும். அசிங்கமாக இருக்குமோ என்று பாட்டியிடம் கேட்டோம். "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது கண்ணு, அதுலயே ரெண்டு கொக்கி வெச்சுக் குடுக்கச் சொல்லு, கரண்டி மாட்டிக்கறேன்" என்றார். கொக்கியும் வெல்டிங் ஆகிவிட்டது.